இரண்டு ஐம்பது மெயில்

எங்கள் அணையில் இன்டர்நெட் வருவதும் போவதும் அதன் இஷ்டம். கட்டுப்பாட்டு அறையின் மொட்டை மாடியில் துருப்பிடித்த ஒரு டிஷ் இருந்தது. காற்று கொஞ்சம் பலமாக அடித்தால் கோபித்துக்கொண்டவர் மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். மழை என்றால் கேட்கவே வேண்டாம். புதிது வேண்டும் என்று இரண்டு வருஷமாகத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிக்கொண்டிருந்தேன். அவர்களும் சளைக்காமல் ‘பரிசீலனையில் உள்ளது’ என்று பதில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்தப் பதிலும் டிஷ்ஷுக்கு மனசு வந்த நாளில்தான் வந்து சேரும்.

உண்மையைச் சொன்னால், எங்களுக்கு அதில் ஒரு வசதியும் இருந்தது. லைன் இல்லாத நேரத்தில் மெயில் எழுதி அனுப்பும் பட்டனை அழுத்தினால் அது அவுட்பாக்ஸில் போய் உட்கார்ந்துகொள்ளும். லைன் வந்ததும் யாரும் சொல்லாமலே கிளம்பிப் போகும். ஆனால் அதன் தலையில் இருக்கும் நேரம், நாம் பட்டனை அழுத்திய நேரம். காலை எட்டு மணி நீர்மட்ட அறிக்கை பதினொன்றுக்குப் போய்ச் சேர்ந்தாலும் எட்டு என்றே காட்டும். யாராவது அங்கிருந்து போன் செய்து “ஏன்யா லேட்டு?” என்று குதித்தால், “நேரத்தைப் பாருங்க சார்” என்போம். பார்ப்பார்கள். வாயை மூடிக்கொள்வார்கள். அதனால் எங்கள் அறையில் பட்டனை அழுத்திவிட்டால் அந்த வேலை முடிந்தது. போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது எங்கள் வேலை இல்லை. அது டிஷ்ஷின் வேலை.

நான் அங்கே மதகுப் பொறுப்பாளர். எத்தனை மதகு, எத்தனை அடி, எப்போது என்பதெல்லாம் மேலிருந்து வரும். திறக்கச் சொல்வது நான். திறந்தால் தண்ணீர் பதினெட்டு கிலோமீட்டர் கீழே இருக்கும் நீரேற்று நிலையத்துக்குப் போக ஒரு மணி பத்து நிமிஷம் ஆகும். நகரத்துக்குக் குடிதண்ணீர் எடுக்கும் இடம் அது. ஆற்றுக்கு நடுவில் ஒரு பெரிய கிணறு, அதன் வாயில் குப்பை உள்ளே போகாமல் தடுக்க இரும்புக் கம்பி வலை. ஆற்றில் தண்ணீர் வற்றியிருக்கும் நாட்களில் ஆட்கள் மணலில் இறங்கி நடந்து போய் அந்த வலையைச் சுத்தம் செய்வார்கள். அதனால் மதகு திறப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அந்த நிலையத்துக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. போனில் கூப்பிட்டு, ‘ஆத்துல ஆள் இல்ல’ என்று வாயால் சொல்லக் கேட்டுவிட்டுத் திறப்பது பழக்கம். விதிக்கு மெயில் போதும். பழக்கத்துக்குத்தான் போன்.

அந்தப் பழக்கத்தை மூன்று வருஷத்துக்கு முன்னால் நிறுத்தியது நான். காரணம், நீரேற்று நிலையத்தின் பொறுப்பாளர் என் தங்கையின் கணவர். எனக்கு மாப்பிள்ளை முறை.

இந்தச் சண்டையின் கதையைச் சொல்ல எனக்கே வெட்கமாக இருக்கிறது. என் மகள் கல்யாணம் நிச்சயமானபோது, நான் நேரில் போய்ச் சொல்லவில்லை. போன் செய்தும் சொல்லவில்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் எல்லாருக்கும் சேர்த்துப் போட்டுவிட்டேன். வேலை அப்படி. மாப்பிள்ளைக்கு அது மூஞ்சியில் அடித்த மாதிரி இருந்திருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தார், கடைசி வரிசையில் உட்கார்ந்தார், போட்டோவுக்குக் கூப்பிட்டபோது மேடைக்கு வரவில்லை. “குரூப்ல போட்டிருங்க, பாத்துக்கறேன்” என்று அங்கிருந்தே சொன்னார். நாலு பேர் சிரித்தார்கள். நான் மேடையிலிருந்தே, “மேடைக்கு வராதவங்க வீட்டுக்கும் வர வேண்டாம்” என்று சொல்லிவிட்டேன். மைக் ஆன் ஆகியிருந்தது.

அவ்வளவுதான் விஷயம். தங்கை இரண்டு பக்கமும் நடந்து நடந்து ஓய்ந்துபோனாள். “யாராவது ஒருத்தர் ஒரு ஹலோ சொன்னா செத்தா போயிருவீங்க?” என்பாள். யார் முதலில் சொல்வது என்பதுதான் பிரச்சினை. அவர் சின்னவர், அவர் சொல்லட்டும் என்று நான். நான் வீட்டு மாப்பிள்ளை, மச்சான்தான் என்னைத் தேடி வரட்டும் என்று அவர். என் மனைவி மட்டும் இதைத் தமாஷாக எடுத்துக்கொண்டாள். “ஆபீஸ் கம்ப்யூட்டர்ல மட்டும் சொந்தம் விட்டுப்போகாம பாத்துக்கறீங்க” என்பாள். அதுவும் சரிதான். நான் மதகு மெயில் போடுவேன். அவர் ‘பெறப்பட்டது’ என்று ஒற்றை வார்த்தையில் பதில் போடுவார். எங்கள் லைன் லட்சணத்தில் அந்தப் பதில் சில நாள் மதகு திறந்த பிறகு வரும், சில நாள் மறுநாள் வரும். முதலில் கொஞ்ச நாள் பதிலுக்காகக் காத்திருந்தேன். பிறகு விட்டுவிட்டேன்.

அன்றைக்குக் காலை பெரிய இன்ஜினியர் மேஜை போனில் கூப்பிட்டார். மேலே மலையில் இரண்டு நாளாகக் கொட்டுகிறது, அணை நிரம்பிக்கொண்டு வருகிறது, நாலு மணிக்கு நாலு மதகையும் நான்கடி தூக்கிவிடு என்றார். அந்த போன் தனிக் கம்பியில் வருவது. அது அன்றைக்கு நன்றாகத்தான் வேலை செய்தது. இதை நான் மறைக்கப் போவதில்லை.

மதியத்தோடு இன்டர்நெட் போய்விட்டது. இரண்டு ஐம்பதுக்கு நான் மெயில் எழுதினேன். ‘இன்று மாலை 4.00 மணிக்கு நான்கு மதகுகளும் நான்கு அடி உயர்த்தப்படும். ஆற்றுப்படுகையில் ஆட்கள் இல்லாததை உறுதி செய்யவும்.’ பட்டனை அழுத்தினேன். அவுட்பாக்ஸ் என்ற வார்த்தை தடித்த எழுத்துக்கு மாறி, பக்கத்தில் 1 என்று காட்டியது.

நான் கண் தெரியாதவன் இல்லை. அந்த 1 எனக்குத் தெரிந்தது.

மூன்று மணி வாக்கில் ரிசீவரைக் கையில் எடுத்தேன். இரண்டு எண்களை அழுத்தவும் செய்தேன். அப்புறம் ஒன்று தோன்றியது. அவர் எடுத்து “யாரு?” என்று கேட்டால் என்ன செய்வது? என் குரல் நன்றாகத் தெரிந்தும் “யாரு?” என்று கேட்கக் கூடியவர் அவர். அதற்கு நான் என் பெயரையும் பதவியையும் சொல்ல வேண்டியிருக்கும். மூன்று வருஷ வீம்பு ஒரு நொடியில் போய்விடும். மாலை வீட்டுக்குப் போய், “உங்க அண்ணன் இன்னைக்கு இறங்கி வந்துட்டார்” என்று தங்கையிடம் சொல்லிச் சிரிப்பார். ரிசீவரை வைத்துவிட்டேன்.

மதகு மோட்டாரை இயக்கும் ஷட்டர்காரர் மூன்றரைக்கு எட்டிப் பார்த்தார். எனக்கு முன்பிருந்தே அணையில் இருக்கும் மனிதர். தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேச மாட்டார்.

“சார், கீழ சொல்லியாச்சா?”

“மெயில் போட்டாச்சு.”

“போனு?”

“மெயில் போட்டாச்சுன்னு சொல்றேன்ல.”

அவர் தலையாட்டிவிட்டுப் போனார். நான் திரும்பிப் பார்த்தேன். 1. நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பார்த்தேன். 1. எனக்கு நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். தண்ணீர் கீழே போக ஐந்து பத்து ஆகும். ஐந்துக்குள் லைன் வந்தால்கூடப் போதும். இது வராமலா போய்விடும், எத்தனை நாள் பார்த்திருக்கிறோம். அதுவும் இல்லாமல் இன்றைக்குப் பார்த்து ஆற்றில் யார் இறங்கியிருக்கப் போகிறார்கள்? கீழே நல்ல வெயில் என்பதும், மலையில் மழை பெய்வது அங்கே யாருக்கும் தெரியாது என்பதும் எனக்குத் தெரியும். தெரிந்தும் நினைக்காமல் இருந்தேன். மனுஷனுக்கு அது ரொம்பச் சுலபமாக வருகிறது.

நாலு மணிக்குக் கையைக் காட்டினேன். ஷட்டர்காரர் மோட்டாரைப் போட்டார். நாலு மதகும் சத்தத்தோடு ஏறின.

நாலரைக்கு 1. ஐந்துக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போதும் 1. அப்போதும் போன் என் முழங்கைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. ஆனால் இப்போது கூப்பிட்டால், சொல்லாமல் திறந்துவிட்டேன் என்று நானே வாக்குமூலம் கொடுத்த மாதிரி. அதுவும் அவரிடம். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மொட்டை மாடிக்குப் போய் டிஷ்ஷைப் பிடித்து அங்கும் இங்கும் திருப்பினேன். கையெல்லாம் துரு.

ஐந்து இருபதுக்கு லைன் வந்தது. 1 மறைந்தது. அவுட்பாக்ஸ் காலி.

‘அப்பாடா’ என்றேன். வாய் விட்டே சொன்னேன். அந்த நேரத்தில் கீழே இரண்டு பேர் செத்துப் பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

ஆறு மணிக்குச் சற்று முன்னால் பெரிய இன்ஜினியர் கூப்பிட்டார்.

“கீழ ரெண்டு பேர் போயிட்டாங்கய்யா. கெணத்துகிட்ட வலைல கம்பி ஒடைஞ்சிருக்குன்னு எறங்கியிருக்காங்க. நீ சொன்னியா இல்லியா?”

“மெயில் இருக்கு சார்.”

“எத்தன மணிக்கு?”

“ரெண்டு அம்பது.”

“நல்ல வேளைடா” என்றார். “மொதல்ல அத பிரிண்ட் எடுத்து வை.”

நான் பிரிண்ட் எடுத்தேன். இரண்டு காப்பி.

போனவர்களில் ஒருவர் வெல்டர். இன்னொருவரை அங்கே எல்லாரும் மூச்சு என்று கூப்பிடுவார்கள். தண்ணீருக்குள் நாலு நிமிஷம் இருந்துவிட்டு வந்து பீடி கேட்பார், அதனால் அந்தப் பெயர். கிணற்று வாயில் எந்தக் கோளாறு என்றாலும் அவர்தான். கரையிலிருந்து அவர் இடுப்புக்குக் கயிறு கட்டியிருந்தது. கயிற்றின் மறுமுனை மாப்பிள்ளையின் கையில். வளைவில் தண்ணீர் வரும் சத்தம் கேட்டதும் மாப்பிள்ளை கத்தியிருக்கிறார். மூச்சு உடனே ஓடி வந்திருக்கலாம். வெல்டர் வலைக்கு உள்பக்கம் மாட்டியிருந்ததால், அவரை இழுக்கத் திரும்பிப் போயிருக்கிறார். அதற்குள் வந்துவிட்டது. மாப்பிள்ளை கயிற்றை விடவில்லை. கயிறுதான் அவர் உள்ளங்கை இரண்டையும் எலும்பு தெரிய அறுத்துக்கொண்டு போயிருக்கிறது. பின்னால் நின்ற இரண்டு பேர் இடுப்பைக் கட்டிப் பிடிக்காவிட்டால் அவரும் போயிருப்பார்.

மூன்றாம் நாள் தங்கை வந்தாள். செருப்பைக் கழற்றவில்லை. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“அண்ணா, அவர் மூணேகாலுக்குப் பாத்தாராம். உன் மெயில் இல்லையாம். இல்லன்னு பாத்துட்டுதான் ஆள எறக்கினேன்னு சொல்றார். எல்லாம் முடிஞ்சு அஞ்சரைக்கு ஆபீஸ்ல ஒருத்தர விட்டுப் பாத்தா அது அங்க இருக்காம். நீ எப்ப அனுப்பின?”

“ரெண்டு அம்பது. பிரிண்ட்ல இருக்கே.”

“பிரிண்ட கேக்கல. உன்னக் கேக்கறேன்.”

“நான் வேறயா, பிரிண்ட் வேறயா?”

“என் மேல சத்தியமா சொல்லு.”

என் மனைவி சமையலறைக் கதவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு ஐம்பதுக்கு நான் பட்டனை அழுத்தியது நிஜம். அதில் பொய் எங்கே இருக்கிறது என்று உள்ளே ஒரு வக்கீல் எனக்காகப் பேசிக்கொண்டிருந்தான்.

“உன் மேல சத்தியமா ரெண்டு அம்பதுதான்” என்றேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். சின்ன வயசில் நான் பொய் சொன்னால் கண்டுபிடித்துவிடுவாள். இப்போது கண்டுபிடிக்கவில்லையா, கண்டுபிடிக்க வேண்டாம் என்று விட்டுவிட்டாளா, எனக்குத் தெரியவில்லை. “அப்ப அவர்தான்” என்றாள். அழவில்லை. திரும்பி நடந்தாள்.

பத்தாம் நாள் விசாரணை. தலைமை அலுவலகத்தின் இரண்டாவது மாடியில், நீண்ட மேஜைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். நடுவில் தலைவர், இடது பக்கம் பெரிய இன்ஜினியர், வலது பக்கம் வேறு பிரிவிலிருந்து வந்த ஒரு அம்மா. என் பிரிண்டை என்னிடமே நீட்டினார்கள்.

“இது நீங்க போட்ட மெயில்தானே?”

“ஆமா சார்.”

“ரெண்டு அம்பதுக்கு அனுப்பற பட்டன அழுத்தினீங்க?”

“ஆமா சார்.”

அந்த அம்மா கண்ணாடியைச் சரி செய்துகொண்டு, “அன்னைக்கு உங்க அணையில இன்டர்நெட் கனெக்‌ஷன்...” என்று ஆரம்பித்தார். ஒருவேளை அந்தக் கேள்வி முழுசாக வந்திருந்தால் நான் சொல்லியிருப்பேன். அப்படித்தான் நினைக்க ஆசைப்படுகிறேன். ஆனால் தலைவர் பேனாவால் மேஜையைத் தட்டினார்.

“அது வேற ஃபைல்மா. டிஷ் விஷயம் பரிசீலனைல இருக்கு.”

அவர் பயம் அவருக்கு. டிஷ்ஷைப் பற்றிப் பேச்சு வந்தால், இரண்டு வருஷமாக யார் மேஜையில் தூங்கியது என்று பேச்சு வரும். விதிப்படி எழுத்து மூலம் ஒரு மணி நேரத்துக்கு முன்பே தெரிவிக்கப்பட்டது என்று எழுதிக்கொண்டார்கள். அவர்கள் கேட்டதற்கெல்லாம் நான் நிஜத்தைத்தான் சொன்னேன். அவர்களுக்கும் அது போதுமானதாக இருந்தது.

அடுத்து மாப்பிள்ளையைக் கூப்பிட்டார்கள். இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் கட்டு. என்னை வெளியே போகச் சொல்லவில்லை. சுவரோரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை.

“மூணேகாலுக்கு அது இல்ல சார். சத்தியமா இல்ல.”

அவர் மெயில் பெட்டியைப் படமெடுத்த தாளை முன்னால் தள்ளினார்கள். மெயில்கள் நேரப்படி வரிசையாக இருந்தன. மேலே மூன்று பன்னிரண்டு, அதற்குக் கீழே மூன்று ஐந்து, அதற்குக் கீழே இரண்டு ஐம்பத்தெட்டு. மூன்றும் படிக்கப்பட்டவை. அவற்றுக்கும் கீழே, படிக்கப்படாமல், என் இரண்டு ஐம்பது. ஐந்து இருபதுக்குப் போனது, தன் தலையில் இருந்த நேரத்தை வைத்து நேராகப் போய் அந்த இடத்தில் செருகிக்கொண்டிருக்கிறது.

“இதுக்கு மேல இருக்கற மூணையும் தெறந்து படிச்சிருக்கீங்க. கேன்டீன் நாற்காலி பத்தின சர்க்குலரக்கூட விடாம படிச்சிருக்கீங்க. இது மட்டும் எப்படிக் கண்ல படல?”

அவர் தாளையே பார்த்தார். கட்டுப்போட்ட கையால் அதை நெருக்கமாக இழுத்துப் பார்த்தார். நான் சொல்கிறேன், அந்த முகத்தை நான் மறக்கப் போவதில்லை. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் முகம் இல்லை அது. தன் கண்ணையே முதல் தடவையாகச் சந்தேகப்படுகிறவன் முகம்.

“எனக்கு... தெரியல சார்” என்றார். அப்புறம், “முன்னல்லாம் போன்ல சொல்லுவாங்க” என்றார்.

“இப்ப ஏன் இல்ல?”

“நாங்க பேசறதில்ல சார்.”

தலைவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “குடும்பக் கதையெல்லாம் இங்க வேண்டாம்” என்றார்.

வெளியே வராந்தா பெஞ்சில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். பியூன் என்னைக் காட்டி அவரிடம் ஏதோ சொன்னார். அவர் எழுந்து வந்தார். மூச்சின் மனைவி.

“நீங்கதான் மேல அணை சாரா?”

“ஆமா.”

“நீங்க நேரத்துக்குச் சொல்லிட்டீங்கன்னு சொன்னாங்க.” கையெடுத்துக் கும்பிட்டார். “உங்களுக்காவது எங்க உசுரு ஒரு பொருட்டா இருந்திச்சே சார்.”

நானும் கும்பிட்டேன். படியிறங்கினேன். பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டு பேர், “பாவம், நல்ல மனுஷன், தாங்க முடியல” என்று பேசிக்கொண்டு என்னைச் சுற்றி இறங்கிப் போனார்கள்.

மாப்பிள்ளையை வேலையிலிருந்து நிறுத்தி வைத்தார்கள். வழக்கும் வரும் என்றார்கள்.

இன்னும் ஐந்து நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும். வாசல் மணி அடிக்கவில்லை. யாரோ கதவை முழங்கையால் இடிக்கும் சத்தம் கேட்டது. என் மனைவி திறந்துவிட்டு, “வாங்க, வாங்கண்ணா” என்றாள். அவர் உள்ளே வந்தார். கைக்கட்டு கொஞ்சம் சிறிதாகியிருந்தது. இரண்டு கையிலும் விரல் நுனிகள் மட்டும் வெளியே தெரிந்தன. சவரம் செய்யாத முகம்.

“மச்சான்” என்றார்.

மூன்று வருஷம் யார் முதலில் என்று நான் உட்கார்ந்திருந்தேனே, அது அவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. ஜெயித்துவிட்டேன்.

“உக்காருங்க மாப்ள.”

உட்கார்ந்தார். மனைவி தண்ணீர் கொண்டுவந்து தானே குடிக்க வைத்தாள். குடித்துவிட்டு என்னைப் பார்த்துப் பேசினார். நேராக, கண்ணைப் பார்த்து.

“நான் பாக்கல போல மச்சான்.”

“மாப்ள...”

“இருங்க, சொல்லிடறேன். அத்தன நாளும் இல்லவே இல்லன்னு சாதிச்சேன். அந்தத் தாளைக் காட்டினாங்கல்ல. மேல இருக்கற மூணையும் நான் படிச்சிருக்கேன். அதுக்குக் கீழயே உங்களோடது. தூங்கவே முடியல. ராத்திரி பகலா யோசிச்சுப் பாத்தேன். உங்க பேரப் பாத்தாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும் அப்பல்லாம். அதனால கண்ணு அதத் தாண்டிப் போயிருக்கும். வேற என்ன? நேரம் பொய் சொல்லுமா? நான்தான் கொன்னிருக்கேன் ரெண்டு பேரையும்.”

சொல்ல வேண்டிய நேரம் அதுதான். எனக்கு நன்றாகத் தெரிந்தது. ஒரே ஒரு வாக்கியம்: லைன் இல்ல மாப்ள, அஞ்சு இருபதுக்குத்தான் போச்சு. நாக்கு நுனியில் நின்றது. வேலை போகும், ஜெயில் வரும், அதெல்லாம் பயம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அதற்கும் முன்னால் வந்து நின்றது இன்னொன்று. இப்போது சொன்னால், இந்த மனுஷன் முன்னால் நான் என்னவாக ஆவேன்? போனை எடுத்துவிட்டு வைத்ததைச் சொல்ல வேண்டும். ஏன் வைத்தேன் என்றும் சொல்ல வேண்டும். ‘யாரு’ என்று நீங்கள் கேட்டுவிடுவீர்களோ என்று வைத்தேன் என்று, அறுந்த கையோடு உட்கார்ந்திருப்பவரிடம் சொல்ல வேண்டும். என்னால் முடியவில்லை. அந்தப் பாழாய்ப் போன ரோஷத்துக்கு இரண்டு உயிர் போதவில்லை.

“மனசப் போட்டு அலட்டிக்காதீங்க” என்றேன். என் வாய்தான் சொன்னது.

அவர் அழுதார். துடைக்க முடியாமல் தோளில் முகத்தைத் தேய்த்துக்கொண்டார். என் மனைவியும் அழுதாள். “இனிமேலாவது ரெண்டு பேரும் ஒண்ணா இருங்க” என்றாள். தங்கைக்கு உடனே போன் செய்யப் போனாள். உள்ளேயிருந்து அவள் குரல் கேட்டது. “பேசிட்டாங்கடி. ஆமா, ரெண்டு பேரும். உங்க அண்ணன் ஒரு வார்த்த குத்திக் காட்டல, தெரியுமா?”

“ஒரு உதவி பண்ணணும் மச்சான்” என்றார் மாப்பிள்ளை. “நாளைக்கு ஆபீஸ்ல ஒரு கடிதம் குடுக்கப் போறேன். ஒத்துக்கிட்டு. வக்கீல் வேணாம்கறார். எனக்கு மனசு கேக்கல. மூச்சு சம்சாரம் மூஞ்சியப் பாத்துட்டு இல்ல இல்லன்னு சொல்லிக்கிட்டே இருக்க முடியல. என்னால பேனா பிடிக்க முடியாது. பிள்ளைங்கள எழுதச் சொல்ல மனசு வரல. நீங்க எழுதிக் குடுங்க.”

“நானா?”

“உங்களுக்குத்தான் ஆபீஸ் பாஷை வரும். நான் சொல்றேன், நீங்க எழுதுங்க.”

மனைவி மகளின் பழைய நோட்டிலிருந்து கோடு போடாத தாள் ஒன்றைக் கிழித்துக் கொடுத்தாள். நான் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்தேன். அவர் பக்கத்து நாற்காலியில், தோள் உரச உட்கார்ந்தார்.

“மெயில் வந்துச்சு, நான் பாக்கல, அதனாலதான் ரெண்டு பேரும் செத்தாங்கன்னு எழுதுங்க.”

எழுதினேன். கை நடுங்கவில்லை. அது எனக்கே ஆச்சரியமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷம் அறிக்கை எழுதிய கை. தானே வாக்கியங்களைச் சீர் செய்துகொண்டு போயிற்று. முடித்ததும் படித்துக் காட்டச் சொன்னார்.

“‘மதகுகள் திறப்பது குறித்த முன்னறிவிப்பு உரிய நேரத்தில், அதாவது பிற்பகல் 2.50 மணிக்கு, எனக்குக் கிடைத்தது. அதைக் கவனிக்கத் தவறியது முழுக்க என் பிழையே. அணைத் தரப்பில் எந்தத் தவறும் இல்லை.’”

கடைசி வரி அவர் சொல்லாதது. அவர் அதைக் கேட்டுத் தலையாட்டினார்.

“நல்லா எழுதியிருக்கீங்க. எனக்கு இப்படிக் கோவையா வராது.”

பேனாவை அவரது இரண்டு கட்டுகளுக்கும் நடுவில் செருகினேன். விரல் நுனிகளால் இறுக்கிக்கொண்டு குனிந்தார். ஒவ்வொரு எழுத்துக்கும் பல்லைக் கடித்தார். தாள் வழுக்கி நகர்ந்தது.

“கொஞ்சம் பிடிச்சுக்குங்க மச்சான்.”

அவர் கையெழுத்துப் போட்டு முடிக்கும்வரை, அது அசையாமல் இருக்க, நான் இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.